தெளிந்த முகம்

முகம் தெளிந்துவிட்டது என்று ஊரே சந்தோஷப்பட்டபோது டாக்டர் ராதிகாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. ருக்குமணியின் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். மூக்கின் இரண்டு புறமும் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், சேலைத் தலைப்பை விலக்கச் சொல்லிக் கழுத்துக்குக் கீழேயும் பார்த்தார். போன வருஷம் அந்த இடமெல்லாம் சிவந்து, சீழ் கோத்த பருக்களாக நிறைந்திருந்தது. பேரன் எடுக்கிற வயசில் எனக்குப் பரு வந்திருக்கிறது பாருங்கள் என்று அவளே அப்போது எல்லோரிடமும் கேலி பேசினாள். இப்போது தோல் சுத்தமாக இருந்தது.

"எப்போலேர்ந்து இப்படி இருக்கு?"

"மூணு நாலு மாசமாவே இப்புடித்தானுங்க. மருந்து நல்லாக் கேக்குதுங்க டாக்டரம்மா."

டாக்டர் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். கருப்பும் வெள்ளையுமாக இரண்டு படங்கள். முதல் படத்தில் நுரையீரல் கட்டி சுருங்கிப் புளியங்கொட்டை அளவுக்கு இருந்தது. அடுத்ததில் பழைய அளவுக்கு வந்துவிட்டது. அதன் பக்கத்தில் புதிதாக ஒன்றும் தெரிந்தது.

"மாத்திரை தினமும் சாப்பிடுறீங்கதானே? ஒரு நாள்கூட விடலையே?"

"சத்தியமாங்க. இவரு கையாலதான் குடுக்குறாரு. வெடிஞ்சு பல்லு வெளக்கிட்டு வந்தா தண்ணியும் மாத்திரையுமா நிப்பாருங்க."

இதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. மலைமேல் தேவனூர் நாட்டில் பெண்டாட்டிக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்கிற ஆம்பிளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷன் சின்னையன் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டி வளர்ந்த சேதியில் மனுஷன் ஆடிப்போய்விட்டான் என்று அவள் நினைத்தாள். டாக்டர் சொல்வதைவிட அவன் முகம் அவளை அதிகம் வருத்தியது.

"அப்போ கட்டி மருந்துக்குப் பழகிருச்சுன்னுதான் நினைக்கணும்" என்றார் டாக்டர். "அடுத்த வாரம் வாங்க. மறுபடியும் சதை எடுத்து ஜீன் பரிசோதனைக்கு அனுப்பணும். அநேகமா இந்த மாத்திரையை நிறுத்திட்டு வேற ஏதாவது பார்க்க வேண்டியிருக்கும்."

ஜீன் என்ற வார்த்தை ருக்குமணிக்குப் புதிது இல்லை. இருமல் நிற்காமல், காசநோய் என்று ஒருத்தர் சொல்லி, இல்லை என்று இன்னொருத்தர் சொல்லி, கடைசியில் சேலத்துக்கு வந்து சேர்ந்தபோது டாக்டர் ராதிகாதான் அவள் கட்டியிலிருந்து நகக்கண் அளவு சதை எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அந்தச் சதைக்குள் எழுதியிருப்பதை எழுத்து எழுத்தாகப் படிப்பார்களாம். படித்ததில் ஓர் இடத்தில் எழுத்து மாறியிருந்தது. அந்த மாற்றம் இருக்கிறவர்களுக்கென்றே ஒரு மாத்திரை இருக்கிறது, ஊசி வேண்டாம், முடி கொட்டாது, தினமும் ஒன்று போட்டுக்கொண்டால் போதும் என்றார். அளவெடுத்துத் தைத்த ரவிக்கை என்று ருக்குமணி அதைப் புரிந்துகொண்டாள். அடுத்தவளுக்குச் சேராது, தனக்குத்தான் சேரும். புரிந்துகொண்டது சரிதான்.

பரு வந்தால் பயப்படக் கூடாது, மருந்து உடம்பில் வேலை செய்கிறதற்கு அதுவும் ஒரு அடையாளம் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டாள் ருக்குமணி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் சொன்னாள், ரேஷன் கடை வரிசையில் சொன்னாள், சந்தையில் யாராவது முகத்தைப் பார்த்து முகம் சுளித்தால் கூப்பிட்டுவைத்துச் சொன்னாள். இருமலும் நின்றது. மூச்சு வாங்காமல் மிளகுக் கொடிக்கு ஏணி சாத்தி ஏறினாள். அந்தச் சில மாதங்களில் அவளுக்குத் தன் முகத்தின்மேல் அப்படி ஒரு பிரியம்.

அதற்கப்புறம்தான் கொழுந்தன் அர்த்தனாரிக்கும் இருமல் வந்தது. அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர். அவன் சதையும் சென்னைக்குப் போனது. உங்களுக்கு அந்த மாற்றம் இல்லை, இந்த மாத்திரை உங்களுக்குக் கேட்காது, ஊசிதான் போட வேண்டும் என்று டாக்டர் அண்ணன் தம்பி இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். சின்னையன் தலையாட்டினான். ஆனால் அவன் தலைக்குள் போனது வேறு. அண்ணனும் தம்பியும் இன்னும் ஒரே ரேஷன் கார்டு. காப்பீட்டு அட்டையும் அதை வைத்து வாங்கியதுதான். அன்று காலையில் அட்டையைக் காட்டுகிற இடத்தில் இருந்த பையன், ஒரே அட்டையில் இரண்டு பேஷண்டா என்று சலித்துக்கொண்டிருந்தான். சின்னையன் பையன் சொன்னதையும் டாக்டர் சொன்னதையும் முடிச்சுப் போட்டுவிட்டான். ஓர் அட்டைக்கு ஒரு மாத்திரைதான், அது ஏற்கெனவே பெண்டாட்டிக்குப் போய்விட்டது, ஜீன் கீன் என்பதெல்லாம் தட்டிக்கழிக்கிற பேச்சு. மலைக்காரனிடம் யார்தான் நேராகப் பேசியிருக்கிறார்கள் என்று அன்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தான். ருக்குமணி அதைக் கோபத்தில் பேசுகிற பேச்சு என்று விட்டுவிட்டாள்.

அர்த்தனாரி இரண்டு ஊசி போட்டுக்கொண்டான். வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்து, தலைமயிர் கொத்தாகக் கையில் வந்ததும் இனி சேலத்துப் பக்கமே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டான். இப்போது பச்சிலை சாப்பிடுகிறான், தெம்பாக இருக்கிறான் என்று சின்னையன் சொன்னான். அவன் வீடு குச்சிக்கிழங்குக் காட்டுக்கு அந்தப் பக்கம், மேட்டின்மேல் இருந்தது. சமீபமாக ருக்குமணிக்கு அந்த மேடு ஏற முடியவில்லை. அதனால் பார்த்து மாதக்கணக்காகிவிட்டது.

டாக்டர் நிறுத்தச் சொல்லப்போகிற மாத்திரையை நினைத்து அவளுக்கு அன்று தூக்கமே வரவில்லை. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் கொழுந்தனைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அவள் கல்யாணமாகி வந்தபோது அவன் மூக்கு ஒழுகிக்கொண்டு டவுசரைப் பிடித்தபடி நின்றவன். அம்மா இல்லாத பிள்ளை. களியை உருட்டி வாயில் போட்டால்தான் தின்பான். காய்ச்சல் வந்தால் அண்ணன் பக்கத்தில்கூடப் படுக்க மாட்டான், அண்ணியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான்.

சின்னையன் காட்டுக்குப் போன பிறகு, அங்கங்கே உட்கார்ந்து எழுந்து, ஒரு வழியாக மேடு ஏறினாள். அர்த்தனாரியின் மனைவி கலைமணி கூலிக்கு மிளகு பறிக்கப் போயிருந்தாள். அவன் மட்டும் வாசலில் கயிற்றுக் கட்டிலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தான். செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினான்.

அவன் முகமெல்லாம் பரு. மூக்கின் இரண்டு புறமும், நெற்றியிலும், தாடையிலும், சட்டை போடாத மார்பிலும் சிவந்து, சீழ் கோத்து நின்றது. ருக்குமணிக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மாதக்கணக்காகக் கண்ணாடியில் தினமும் பார்த்த முகம் அது.

"வாங்க அண்ணி, வாங்க" என்று எழுந்தான். எழுந்ததில் மூச்சு இரைத்தது. ஆனாலும் சிரித்தான். "பாத்தீங்களா, எனக்கும் பொங்கிருச்சு. மருந்து கேட்டா மூஞ்சியில தெரியும்னு நீங்கதான சொன்னீங்க."

அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏறி வந்ததுல மூச்சு வாங்குதா அண்ணி? நானே வந்துருப்பேனுங்க, அண்ணன்தான் வர வேண்டாம்னு சொல்லிருச்சு. ஊரு கண்ணு படும்னு." அவன் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டான். "நான் மொதல்ல வேண்டாம்னுதானுங்க சொன்னேன். அண்ணி மாத்தரையில நான் எப்புடிப் பங்கு கேக்கறதுன்னேன். அண்ணன்தான், உங்கண்ணியே சொல்றா, அர்த்தனாரியும் பொழைக்கட்டும், ஆளுக்குப் பாதியா சாப்புட்டுக்கலாம்னு, அப்புடின்னுச்சு. பெத்தவகூட இப்புடிச் செய்ய மாட்டா அண்ணி."

"எப்பெப்பச் சாப்புடற கண்ணு?" என்று கேட்டாள். தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ஒரு நாள் விட்டு ஒரு நாளுங்க. அண்ணன் வெடியால கொண்டாந்து குடுத்துரும்."

ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றால், அவன் சாப்பிட்ட நாளெல்லாம் புருஷன் தன் உள்ளங்கையில் வைத்தது என்ன? அட்டையிலிருந்து பிரித்து வைத்த பழுப்பு மாத்திரை, சொம்பில் தண்ணீர், எதிரில் புருஷன். முழுங்கிட்டியா என்று அவன் கேட்பான். வாயைத் திறந்துகூடக் காட்டியிருக்கிறாள், விளையாட்டுக்கு. எல்லா நாளும் ஒரே மாதிரிதான் கேட்டான். ஒரு நாள்கூட அவன் குரல் தடுக்கவில்லை, அது எப்படி என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அர்த்தனாரியிடம் எதையும் சொல்லவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். இருமல் விடவில்லை, ராத்திரி படுக்க முடியவில்லை, உட்கார்ந்தேதான் தூங்குகிறேன் என்றான். கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன. "ஆனா மூஞ்சியில வந்துருச்சில்லீங்க, இனிச் சரியாயிரும்" என்று தன் கன்னத்தைப் பத்திரமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். ருக்குமணி கிளம்பினாள்.

சின்னையன் வீட்டு முன்னால் தார்ப்பாய் விரித்து மிளகைக் காயப்போட்டுக் காலால் கிளறிக்கொண்டிருந்தான். அவள் மேட்டுப் பக்கமிருந்து வருவதைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது.

"அர்த்தனாரியப் பாத்துட்டு வாரேனுங்க."

அவன் குனிந்து மிளகைக் கையால் பரப்பினான்.

"எனக்கு நீங்க குடுத்தது என்னது?"

"சத்து மாத்தரைதான். அதுவும் பழுப்பு நெறந்தான். சப்-சென்டர்ல நர்சம்மாகிட்ட வாங்கினேன். கெடுதல் ஒண்ணும் இல்ல ருக்கு. உடம்புக்கு நல்லதுதான்."

கெடுதல் இல்லை என்று அவன் சொன்னதில் அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. தார்ப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நின்றுகொண்டு பேசத் தெம்பில்லை.

"என்னப் பண்ணச் சொல்ற?" என்றான் சின்னையன். "இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் அவன். ஒருத்தரப் பாக்க வெச்சு ஒருத்தர் சாப்புடறதா? ஒரு பன்னி அடிச்சாக்கூடப் பங்காளிக்குப் பங்கு வெக்காம அடுப்புல ஏத்தியிருக்கமா? அப்ப நீதான் நல்லா ஆயிட்டியே, இருமல் நின்னுபோச்சு, ஏணி ஏறுன. பாதி போதும்னு நெனச்சேன். ரெண்டு பேரும் பொழச்சுக்குவீங்கன்னுதான் நெனச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லீங்க."

"கேட்டிருந்தாக் குடுத்திருப்பியா?"

குடுத்திருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தாள். கொடுத்திருப்பாளா? முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கிய பிள்ளை அது. கொடுத்திருக்கலாம். தன் உயிர் என்று வரும்போது கையை இழுத்துக்கொண்டும் இருக்கலாம். இனி அது அவளுக்குத் தெரியப்போவதில்லை. நல்லவளாக இருக்கவோ, தன்னைப் பார்த்துக்கொள்ளவோ கிடைத்த ஒரே சந்தர்ப்பத்தை இவன் எடுத்துக்கொண்டுவிட்டான். எடுத்துக்கொண்டு போய், அவள் சொல்லாத சொல்லையும் அவள் சொன்னதாகத் தம்பியிடம் சொல்லி, புண்ணியத்தை மட்டும் அவள் பேரில் எழுதிவைத்துவிட்டான்.

"என்னையக் கேக்காம என்னையவே பங்கு போட்டுட்டீங்க" என்றாள். "பன்னிக்கறியப் பங்கு போடறப்ப அந்தப் பன்னியக் கேக்கறதில்லதான்."

அவன் அவள் எதிரில் குந்தி உட்கார்ந்தான். "டாக்டரம்மாகிட்ட மட்டும் சொல்லிராத. அட்டைய வாங்கி வெச்சுக்குவாங்க. ரெண்டு பேருக்குமே இல்லாமப் போயிரும். அவனுக்கு இப்பத்தான் கேக்க ஆரம்பிச்சிருக்குது." கண் கலங்கியிருந்தது. பொய்க் கண்ணீர் இல்லை, அவன் தம்பிக்காக அழுகிறான். எத்தனையோ வருஷம் கூட வாழ்ந்தவன், அவள் கட்டி வளர்ந்துவிட்டதைக் கேட்ட பிறகும் தம்பிக்கு மருந்து நின்றுவிடக் கூடாது என்றுதான் அழுகிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து உள்ளே போய், மாத்திரைப் பெட்டியைப் பரணிலிருந்து எடுத்துத் தன் துணிகளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் காலையில் அவளே தண்ணீர் மொண்டுகொண்டாள். சின்னையன் கதவருகில் வந்து நின்றுவிட்டுப் போவான். தம்பியிடம் மாத்திரை தீர்ந்துவிட்டது, சேலத்துக்குப் போய்த்தான் வாங்கி வர வேண்டும் என்று சொல்லி வைத்தான்.

அடுத்த வாரம் டாக்டர் ராதிகாவின் அறையில் அதே நாற்காலிகள். சதை எடுக்கிற இடத்துக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதத் தொடங்கினார் டாக்டர்.

"டாக்டரம்மா, நான் பொய் சொல்லிட்டேனுங்க" என்றாள் ருக்குமணி. "தெரியாமச் சொன்ன பொய்யிங்க. பாதி நாளு நான் சாப்புட்டது உங்க மாத்தரையே இல்லீங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ருக்குமணி எல்லாவற்றையும் சொன்னாள். அழவில்லை, குரலை உயர்த்தவில்லை, நடந்ததை நடந்த வரிசையில் சொன்னாள். சின்னையன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். கேட்டு முடிந்ததும் டாக்டர் சின்னையனைப் பார்த்தபடியே எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டார். திட்டுவார் என்று ருக்குமணி எதிர்பார்த்தாள், திட்ட வேண்டும் என்று ஆசைப்படவும் செய்தாள்.

"சரி, இன்னிக்குச் சதை எடுக்க வேண்டாம்" என்றார் டாக்டர் அவளிடம். "மாத்திரையை ஒரு நாளும் விடாம முழுசா சாப்பிட்டு வாங்க. ரெண்டு மாசம் கழிச்சு ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம். கட்டி சுருங்கலாம். இத்தனை நாள் அரைகுறையா போனதுல கேக்காமலும் போகலாம். இப்போ என்னால சொல்ல முடியாது." பிறகு சின்னையன் பக்கம் திரும்பினார். "உங்க தம்பி எங்கே? நாங்க எத்தனை தடவை போன் பண்ணினோம்?"

"அவனுக்கும் கேக்க ஆரம்பிச்சிருச்சுங்க" என்றான் சின்னையன் அவசரமாக. "மூஞ்சியெல்லாம் பரு வந்துருச்சுங்க."

"பரு தோல்ல வர்றதுங்க. அந்த மாத்திரையை நான் சாப்பிட்டாலும் வரும், நீங்க சாப்பிட்டாலும் வரும். சிலருக்குப் பாதி மருந்துக்கே பொங்கும். கட்டி கேக்கணும்னா கட்டிக்குள்ள அந்த மாற்றம் இருக்கணும். அவர் கட்டியில அது இல்லவே இல்ல. நான் அன்னிக்கே சொன்னேனே."

"அட்டையில ஒருத்தருக்குத்தான்னு..."

"அப்படி யார் சொன்னது?"

சின்னையன் கையிலிருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஊசியை விடாமல் போட்டிருந்தால் இந்நேரம் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்த டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார். நாளைக்கே அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், இப்போதும் செய்ய ஏதாவது இருக்கிறதா பார்க்கலாம் என்றார். சின்னையன் எழுந்து நின்றான். ஆனால் எந்தப் பக்கம் போவதென்று தெரியாதவன்போல் அங்கேயே நின்றான். ருக்குமணிதான் கதவைத் திறந்துவிட்டாள். அவன்மேல் இரக்கம் வந்தது. கோபம் அதனால் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

காளப்பநாயக்கன்பட்டி தாண்டி பஸ் மலை ஏறத் தொடங்கியது. மடியில் புது மாத்திரைகள் இருந்த துணிப்பை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாயாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். பாதி மலைக்கு மேல் குளிர் காற்று அடித்தபோது சின்னையன் மெதுவாகச் சொன்னான்.

"நீயே அவங்கிட்டச் சொல்லிரு ருக்கு. நீ சொன்னாத் தாங்கிக்குவான். நான் சொன்னாச் செத்துருவான்."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இதையும் தன் தலையில்தான் ஏற்றப் பார்க்கிறான். ஒருவேளை அவளே சொல்லிவிடுவது அந்தப் பிள்ளைக்கு நல்லதாகவும் இருக்கலாம். இவ்வளவுக்குப் பிறகும் தனக்கு அப்படித் தோன்றுவதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

ஊர் நிறுத்தத்தில் அர்த்தனாரி நின்றுகொண்டிருந்தான். அவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறான். முகத்தை மறைக்கத் துண்டு கட்டவில்லை. சாயங்கால வெயிலில் பரு எல்லாம் செக்கச்செவேலென்று தெரிந்தது. ருக்குமணி இறங்கியதும் இரண்டு எட்டு முன்னால் வந்து பையின் காதைப் பிடித்தான்.

"குடுங்க அண்ணி, நான் எடுத்தாரேன். டாக்டரம்மா என்னங்க சொன்னாங்க?"

அவள் பையை விடவில்லை. அவன் விளையாட்டு என்று நினைத்து லேசாக இழுத்தான். அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவள் விரல்களைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான் அர்த்தனாரி. சிரிப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை.

"உங்கண்ணன் உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்ங்கறாரு கண்ணு" என்றாள்.

பஸ் கிளம்பிப் போனது. புழுதி அடங்கிய இடத்தில் சின்னையன் தனியாக நின்றுகொண்டிருந்தான். அர்த்தனாரி அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். ஒரு கையால் கன்னத்துப் பருவைத் தடவிக்கொண்டான். இன்னொரு கை பையின் காதை இன்னும் விடவில்லை.